ஐந்நூறு பேருக்கு வேலை என்று அறிவிக்கும்போது

கார் உதிரிபாக நிறுவனம் ஒன்று தன் ஆலையை விரிவுபடுத்தப் போகிறது என்று செய்தி வந்தால், எல்லோர் கண்ணும் முதலில் ஒரே எண்ணில் போய் நிற்கும். இருநூறு பேருக்கு வேலை, ஐந்நூறு பேருக்கு வேலை, ஆயிரம் பேருக்கு வேலை. முதலீட்டுத் தொகை கூட அதற்கு அப்புறம்தான். என்ன பாகம் செய்யப் போகிறார்கள், யாருக்காகச் செய்யப் போகிறார்கள் என்பதெல்லாம் செய்தியின் கடைசிப் பத்தியில் ஒரு வரியாகக் கிடக்கும். சில செய்திகளில் அதுவும் இருக்காது.

வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதியை உதிரிபாக ஆலைகளில் கழித்தவன் நான். புதிதாக ஒரு லைன், அதாவது பாகத்தைப் படிப்படியாகச் செய்து முடிக்கிற இயந்திர வரிசை, போட எத்தனை இயந்திரம் வேண்டும், எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்குப் போடுவதும், அந்த லைன் நிதானத்துக்கு வரும் வரை அதன் பக்கத்திலேயே நிற்பதும்தான் என் வேலை. அதனால் அந்த ஐந்நூறு என்கிற எண் எப்படிப் பிறக்கிறது, எப்படிக் குறைகிறது என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆலை விரிவடைவது நல்ல செய்தி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊருக்கு அதனால் என்ன கிடைக்கப் போகிறது என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. உள்ளே என்ன மாதிரி வேலை உருவாகிறது, அந்த வேலையைக் கற்றுக்கொள்பவர் யார், ஆர்டர் முடிந்த பிறகும் அந்தத் திறமை ஊரில் தங்குமா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு கார் மாடலுக்கு வருடத்துக்கு 3 லட்சம் பிரேக் பாகங்கள் வேண்டும் என்று ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 300 வேலை நாள் என்றால், நாளொன்றுக்கு 1,000. இரண்டு ஷிப்ட் ஓட்டினால், இடைவேளை, ஆள் மாறும் நேரம், சுத்தம் செய்யும் நேரம் எல்லாம் போக ஷிப்டுக்கு ஏழரை மணி நேரம் கையில் மிஞ்சும். இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து 54,000 விநாடி. அதாவது 54 விநாடிக்கு ஒரு பாகம் லைனை விட்டு வெளியே வந்தாக வேண்டும். இந்த 54 விநாடியைத்தான் ஆலைக்குள் டாக்ட் டைம் என்பார்கள். அந்த லைனில் நடக்கும் அத்தனை விஷயங்களுக்கும் இதுதான் தாளம்.

இனி அந்தப் பாகத்தை எடுத்து வைத்து, பொருத்தி, முறுக்கி, சோதித்து, அடுக்கி முடிக்க மனிதக் கைகள் செலவழிக்கும் மொத்த நேரம் 432 விநாடி என்று ஸ்டாப் வாட்ச் சொன்னால், 432-ஐ 54-ஆல் வகுக்க வேண்டியதுதான். எட்டு. ஷிப்டுக்கு எட்டுப் பேர், இரண்டு ஷிப்டுக்குப் பதினாறு பேர். இதே போல இருபது லைன் உள்ள ஆலை என்றால் 320 பேர். லீவு போடுபவர்களுக்கு மாற்றாள், பராமரிப்பு, தரக்கட்டுப்பாடு, ஸ்டோர், ஃபோர்க்லிஃப்ட், காவல், அலுவலகம் எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்நூறில் வந்து நிற்கும். செய்தியில் வருகிற எண் பெரும்பாலும் இதுதான். ஆர்டர் முழுசாக வந்து, எல்லா லைனும் முழு வேகத்தில் ஓடுகிற ஒரு நாளை மனதில் வைத்துப் போட்ட எண். அந்த நாள் அறிவிப்பு வந்த மறுநாளே வந்துவிடாது.

அந்த ஆர்டர் பாதிப் பங்கு கூடினால் என்ன ஆகும்? 3 லட்சம் நாலரை லட்சமாகிறது. பெரும்பாலான ஆலைகள் அப்போது புது லைன் போடாது, மூன்றாவது ஷிப்ட் திறக்கும். அந்த லைனில் எட்டுப் பேர் கூடுவார்கள், அவ்வளவுதான். கூடவே இயந்திரத்தை நிறுத்திப் பழுது பார்க்க இருந்த இரவு நேரமும் போய்விடும். ஆர்டர் இரட்டிப்பானால்தான் அடுத்த லைன், அடுத்த கட்டடம். புது லைன் போடும்போது பழையது போலவே போட மாட்டார்கள். பாகத்தை எடுத்து இயந்திரத்தில் வைக்கிற ஒரு வேலைக்கு ரோபோ வந்துவிட்டால், எட்டு ஏழாகும். இரண்டு இடத்தில் வந்தால் ஆறு. அதனால்தான் முதலீடு பெரிதாகவும் வேலை எண்ணிக்கை சிறிதாகவும் இருக்கிற விரிவாக்கங்கள் இப்போது அதிகம் வருகின்றன. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, வகுத்தல் கணக்கு அப்படித்தான் வருகிறது.

இந்த ஷிப்ட் கணக்குக்கு ஒரு பழைய கதை உண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இன்ஜினுக்கு மின்பொறி தரும் மேக்னட்டோ என்ற பாகத்தைச் செய்துகொண்டிருந்த ராபர்ட் போஷ், 1906-லேயே தன் ஆலையில் எட்டு மணி நேர வேலை நாளைக் கொண்டுவந்தார். தொழிலாளிக்கு அது பெரிய விடுதலை. ஆலைக்கோ, ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் ஓட்ட வழி கிடைத்தது. உற்பத்தி பெருகுவதும் தொழிலாளியின் வாழ்க்கை மேம்படுவதும் ஒரே முடிவில் நடக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

சரி, எண் எப்படி வருகிறது என்பது தெரிந்துவிட்டது. அந்த லைன் ஓடத் தொடங்கும் முன்பு நடப்பதைத்தான் வெளியே யாரும் பேசுவதில்லை. கார் கம்பெனி ஒரு பாகத்தை இந்த நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ததில் இருந்து, அந்தப் பாகம் காரில் ஏறும் நாள் வரை பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகிவிடும். பாகத்துக்கு உருவம் கொடுக்கிற டை என்ற அச்சை வெட்ட வேண்டும். வேலை நடக்கும்போது பாகத்தை அசையாமல் பிடிக்கிற ஃபிக்ஸ்சர் செய்ய வேண்டும். மாதிரி செய்து, அளந்து, உடைத்து, துருப்பிடிக்கிறதா என்று உப்பு நீர்ப் புகையில் போட்டு, மறுபடி செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் ஆதாரம் வைத்து வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு நாள் அவர்கள் ஆளே வந்து லைன் பக்கத்தில் நின்று, சொன்ன வேகத்தில் சொன்ன தரத்தில் பாகம் வருகிறதா என்று பார்ப்பார். அந்த நாள் நெருங்க நெருங்க ஆலையில் ஒருவருக்கும் தூக்கம் இருக்காது.

இந்தக் காலத்தில்தான் ஒரு ஆலையில் உண்மையான கல்வி நடக்கிறது. எல்லாமே தப்பாகப் போகும். ஏன் தப்பாகப் போகிறது என்று கண்டுபிடிப்பவர்தான் அதைக் கற்றுக்கொள்கிறார். லைன் சீராக ஓட ஆரம்பித்த பிறகு சேர்பவருக்கு 54 விநாடி வேலை கிடைக்கும். லைனை நிறுத்தி நிறுத்தி ஓடவைத்த காலத்தில் இருந்தவருக்கோ ஒரு தொழில் கிடைக்கும். இரண்டையும் "ஒரு வேலை" என்றே எண்ணுகிறோம்.

ஒரு லைன் தொடக்கத்தில் பார்த்த ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற சஸ்பென்ஷன் ஆர்மின் துளைக்குள் புஷ் என்ற சிறு உருளையை அழுத்திப் பொருத்துகிற பிரஸ் இயந்திரம். அழுத்தும்போது எவ்வளவு விசை ஏறுகிறது என்பது திரையில் ஒரு கோடாக வரும். கோடு எல்லைக்குள் இருந்தால் பச்சை விளக்கு. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அந்த இயந்திரத்தில் நின்றார், ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு நாள் வரிசையாகப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அவர் லைனை நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் ஓடி வந்தார், நானும் போனேன். "சார், கோடு சரியாத்தான் இருக்கு, ஆனா சத்தம் காலையில இருந்த மாதிரி இல்ல. கொஞ்சம் முன்னாடியே கிறீச்சுன்னு கேக்குது" என்றார். முந்தைய கோடுகளையும் அப்போதைய கோடுகளையும் பத்து நிமிடம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். விசை ஏறத் தொடங்கும் இடம் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்திருந்தது. புஷ்ஷைக் கையில் எடுத்து விரலால் தடவினால் விளிம்பில் இருக்க வேண்டிய சிறு சரிவு ஏறக்குறைய இல்லை. அதை வெட்டுகிற டூல் எங்கேயோ மழுங்கியிருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் புஷ் உள்ளே போகும்போது ஆர்மின் துளையைச் சுரண்டிக்கொண்டே போயிருக்கும், விளக்கு பச்சையாகவே எரிந்திருக்கும், அந்தப் பாகங்கள் கார்களில் ஏறியிருக்கும்.

அதற்குப் பிறகு அந்த லைனில் எதைச் செட்டிங் செய்தாலும் அவரைக் கூப்பிடாமல் செய்வதில்லை என்று ஆனது. புது ஆட்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அந்த மாடல் நின்றபோது அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஆர்டர் குறைந்தது, ஒப்பந்த ஆட்களைக் குறைத்தார்கள், பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. நாங்கள் சிலர் பேசிப் பார்த்தோம், நடக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த நிறுவனம் ஒரு செலவைக் குறைத்ததாக நினைத்தது. இரண்டு வருடம் செலவழித்து உருவாக்கிய ஒரு காதை, ஒரு விரலை வெளியே அனுப்பியது. அடுத்த லைன் வந்தபோது அதே பாடத்தை இன்னொருவருக்கு முதலில் இருந்து கற்பிக்க வேண்டியிருந்தது.

ஒப்பந்த வேலையை நிறுவனங்கள் ஏன் விரும்புகின்றன என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆர்டர் ஏறும் இறங்கும். ஒரு மாடல் ஆறேழு வருடம் ஓடினால் பெரிது. வருடா வருடம் விலையைக் கொஞ்சம் குறைத்தே ஆக வேண்டும் என்று கார் கம்பெனியின் ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதைச் சமாளிக்க எங்கே இறுக்கலாம் என்று தேடும்போது கை முதலில் போவது ஆள் செலவில்தான். புரிகிறது. ஆனாலும் லைனை எழுப்பி நிறுத்துகிறவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பது நிறுவனத்துக்கே நஷ்டம் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம், எந்தப் பாகம் என்பது. இதை நான் எல்லோரையும் கேட்கச் சொல்வேன், ஏனென்றால் வேலை ஊரில் ஒட்டுமா என்பதைப் பாகத்தின் உருவமே பாதி தீர்மானித்துவிடும். ஒரு காரில் ஏறத்தாழ 30,000 பாகங்கள் என்பார்கள். அவற்றில் சீட்டைப் பாருங்கள். பெரிது, உள்ளே பாதி காற்று, அடுக்கி அனுப்பினால் லாரி நிறைய இடம்தான் போகும். அதுவும் இந்த நிறம், இந்தத் துணி, சூடாக்கும் வசதியோடு, இல்லாமல் என்று ஆயிரம் வகை. கார் லைனில் எந்த வண்டி எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் சீட்டும் போய் இறங்க வேண்டும். வரிசை தெரிந்த சில மணி நேரத்துக்குள் செய்து அனுப்ப வேண்டும் என்பதால், சீட் ஆலை கார் ஆலைக்குப் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். பம்பர், பெட்ரோல் டேங்க் எல்லாம் இதே ஜாதி. இந்த வேலைகளை யாரும் அடுத்த கண்டத்துக்குத் தூக்கிப் போக முடியாது.

ஆனால் கார் ஆலை மூடினால் இவையும் கூடவே மூடும். ஆஸ்திரேலியாவில் அதுதான் நடந்தது. 2016 அக்டோபரில் ஃபோர்டு தன் கார் உற்பத்தியை நிறுத்தியது. 2017 அக்டோபர் 3-ல் டொயோட்டாவின் ஆல்டோனா ஆலையும், அதே மாதம் 20-ல் எலிசபெத்தில் இருந்த ஹோல்டன் ஆலையும் கடைசிக் காரை அனுப்பின. அவற்றை நம்பி இருந்த உதிரிபாக நிறுவனங்களில் பல அதோடு கதவைச் சாத்தின. அவை மோசமான பாகம் செய்யவில்லை. வாங்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

வயரிங் ஹார்னஸ் இதற்கு நேர் எதிர். காருக்குள் நரம்பு மாதிரி ஓடுகிற அந்தக் கம்பிக் கற்றையை இன்னமும் பெரும்பாலும் கையால்தான் செய்கிறார்கள். வளைந்து நெளிகிற கம்பியை ரோபோவால் எளிதாகப் பிடிக்க முடியாது. ஆள் உயரப் பலகையில் கொக்கிகள் நட்டிருக்கும், அவற்றின் வழியே ஒவ்வொரு கம்பியாக இழுத்து, டேப் சுற்றி, கனெக்டரில் செருகுவார்கள். ஆயிரக்கணக்கில் வேலை தரக்கூடிய பாகம் இது. சுருட்டிப் பெட்டியில் போட்டால் எங்கும் அனுப்பலாம் என்பதால், சம்பளம் குறைவான இடம் தேடி நகரக்கூடிய பாகமும் இதுதான். மொராக்கோ, துனிசியா, மெக்சிகோ, ருமேனியா என்று அது போன பாதையே சொல்லும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது போர் தொடங்கியபோது, ஸ்ட்ரீ, கொலோமியா ஆகிய ஊர்களில் இருந்த லியோனி நிறுவனத்தின் ஆலைகள் தடைபட்டன. ஏறத்தாழ 7,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். சில நாட்களில் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன், போர்ஷே, பி.எம்.டபிள்யூ ஆலைகளில் லைன்கள் நின்றன. அங்கே குனிந்து டேப் சுற்றிக்கொண்டிருந்தவர்களின் கை எவ்வளவு முக்கியம் என்று உலகம் அன்றைக்குத்தான் பார்த்தது.

ஆக, சீட் ஆலை வருகிறதென்றால் கார் ஆலையின் எதிர்காலத்தைக் கேட்க வேண்டும். ஹார்னஸ் ஆலை வருகிறதென்றால், வேறு இடம் மலிவானால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான பாதுகாப்பு என்று எனக்குத் தெரிவது ஒன்றுதான்: ஆலைக்குள் டூல் ரூம் இருப்பது.

டூல் ரூம் என்றால் டையும் ஃபிக்ஸ்சரும் செய்கிற, பழுது பார்க்கிற பட்டறை. ஒரு ஆலையில் பத்து இருபது பேர்தான் அங்கே இருப்பார்கள். செய்தியில் வருகிற எண்ணில் அவர்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். ஆனால் பாகம் மாறும்போது ஆலையை மாற்றுபவர்கள் அவர்கள்தான். டை எல்லாம் தலைமையிடத்தில் இருந்து பெட்டியில் வந்து இறங்குகிற ஆலை, அந்த டை தேய்ந்ததும் தேய்ந்துவிடும். டையைத் தானே வெட்டத் தெரிந்த ஆலைக்குப் பிரேக் பாகம் போனால் பம்ப் பாகம், அதுவும் போனால் மருத்துவக் கருவி என்று அடுத்தது வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு 1997-ல் ஜப்பானில் நடந்ததைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் பிப்ரவரி 1, சனிக்கிழமை அதிகாலை, கரியா நகரில் ஐசின் செய்கி நிறுவனத்தின் ஆலை ஒன்று தீப்பற்றி எரிந்தது. பின்சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைச் சீராக்குகிற ஒரு வால்வு அங்கே தயாரானது. உள்ளங்கையில் அடங்குகிற பாகம். டொயோட்டா கார்களுக்கு வேண்டிய அந்த வால்வுகள் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரே ஆலையில் இருந்து போயின. தேவையான நேரத்தில் தேவையான அளவே கொண்டுவருவது டொயோட்டாவின் முறை என்பதால் கையிருப்பு மிகக் கொஞ்சம்தான். சில நாட்களுக்குள் ஜப்பானில் இருந்த டொயோட்டா ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றன.

பிறகு நடந்ததுதான் விஷயம். ஐசின் தன் வரைபடங்களையும், தப்பிய கருவிகளையும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கைகொடுத்தன. அந்த வால்வை வாழ்நாளில் செய்திராத பட்டறைகள் வேறு வேலைக்கு வைத்திருந்த இயந்திரங்களில் அதைச் செய்யத் தொடங்கின. தையல் இயந்திரத்துக்குப் பெயர் போன பிரதர் நிறுவனமும் அதில் ஒன்று. நான்காம் நாளிலேயே முதல் வால்வுகள் வந்துவிட்டன, சுமார் ஒரு வாரத்தில் டொயோட்டா ஆலைகள் மறுபடி ஓடின. கையிருப்பைக் குறைத்த ஆபத்தைப் பற்றியே இந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். நான் பார்ப்பது வேறு. வரைபடத்தை வாங்கி, இதற்கு எந்த டூல், எந்தப் பிடிமானம் என்று அன்றிரவே முடிவு செய்யத் தெரிந்த ஆட்கள் அந்த வட்டாரம் முழுக்க இருந்தார்கள். அது பல வருடமாக, பட்டறை பட்டறையாகச் சேர்ந்த அறிவு.

அந்த அறிவு தற்செயலாகச் சேர்ந்ததில்லை. டொயோட்டாவில் இருந்து 1949-ல் தனியாகப் பிரிந்த டென்சோ, 1954-லேயே இளம் தொழிலாளர்களுக்கான பயிற்சி மையத்தைத் தொடங்கியது. போஷ் 1913-ல் பயிற்சியாளர்களுக்கென்றே தனிப் பட்டறை வைத்தார். இந்தியாவில் 1998-ல் சென்னையின் சுந்தரம் கிளேட்டன், தர மேலாண்மைக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் பரிசைப் பெற்றது, இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. அடுத்த சில வருடங்களில், 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும், 2003-ல் ரானே பிரேக் லைனிங்ஸும் பெற்றன. இவற்றில் எதுவும் கார் கம்பெனி இல்லை, எல்லாமே பாகம் செய்கிற நிறுவனங்கள். அந்தப் பரிசுக்கு மேலதிகாரிகள் மட்டும் தயாரானால் போதாது. லைனில் நிற்பவர் தன் இயந்திரத்தில் வரும் குறையைத் தானே அளந்து, தானே காரணம் தேடி, தானே சரிசெய்யும் பழக்கம் ஆலை முழுக்க வேரூன்ற வேண்டும். விரிவாக்கத்தை அறிவிக்கும் நிறுவனத்திடம் நான் கேட்க நினைப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

சம்பளத்தைப் பேசாமல் வேலையைப் பேச முடியாது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் மொரெய்ன் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2008 டிசம்பர் 23-ல், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மூடப்பட்டது. 2014-ல் சீனாவின் ஃபுயாவோ நிறுவனம் அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதியை வாங்கி, கார் கண்ணாடி ஆலையாக மாற்றியது. இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை வந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் ஊர் மீண்டுவிட்டது. ஆனால் பழைய ஆலையில் வாங்கிய மணிநேரச் சம்பளத்தில் பாதிகூட இல்லாத சம்பளத்தில்தான் பலர் திரும்பவும் அந்தக் கூரைக்கடியில் நுழைந்தார்கள். 2017 நவம்பரில் தொழிற்சங்கம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 868 பேர் வேண்டாம் என்றார்கள், 444 பேர் வேண்டும் என்றார்கள். இருந்த வேலையும் போய்விடுமோ என்ற பயம் அந்த 868-இல் எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. மூடிக் கிடந்த ஆலையைவிட ஓடுகிற ஆலை மேல்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழைய வேலைக்கு இது ஈடு என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆலை வந்தால் சுற்றிலும் வேலை வரும் என்பது உண்மையா? உண்மைதான். என்ரிக்கோ மொரெட்டி என்ற பொருளாதார ஆய்வாளர் 2010-ல் அமெரிக்க நகரங்களை வைத்துக் கணக்கிட்டார். உற்பத்தித் துறையில் ஒரு வேலை கூடினால் அதே நகரத்தில் கடை, முடிதிருத்தகம், கட்டுமானம் போன்ற இடங்களில் 1.6 வேலை கூடுகிறது என்றார். திறன் கூடிய வேலையாக இருந்தால் அது 2.5. திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்: எத்தனை வேலை என்பதோடு, எப்படிப்பட்ட வேலை என்பது.

வரிச்சலுகை கொடுத்து ஆலையை இழுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திமோத்தி பார்ட்டிக் என்ற அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் 2018-ல் பல ஆய்வுகளை ஒப்பிட்டுச் சொன்னது: சலுகை பெற்ற நிறுவனங்களில் 2 முதல் 25 சதவீதம் வரைதான் அந்தச் சலுகையால் மனம் மாறி அந்த இடத்துக்கு வந்தவை. மற்றவை எப்படியும் வந்திருக்கும். அமெரிக்கக் கணக்குதான், ஆனால் சலுகைப் பணம் கையில் வைத்திருக்கும் எவரும் படிக்க வேண்டிய கணக்கு.

மின்சாரக் கார் வந்த பிறகு இந்தக் கேள்விகளுக்கு அவசரம் கூடிவிட்டது. பிஸ்டன் ரிங், இன்ஜின் வால்வு, சைலன்சர் செய்கிற ஆலை ஒன்று இன்றைக்கு விரிவடைந்தால், பக்கத்து ஆலை மூடியதால் அதன் ஆர்டர் இங்கே வந்திருக்கலாம். சுருங்குகிற சந்தையிலும் கடைசி வரை நிற்பவருக்கு ஆர்டர் கூடும், கொஞ்ச காலத்துக்கு. 2024 ஜூலையில் இசட்.எஃப். என்ற ஜெர்மன் உதிரிபாக நிறுவனம் 2028-க்குள் ஜெர்மனியில் 11,000 முதல் 14,000 வரை வேலைகளைக் குறைப்பதாகச் சொன்னது. 2025 செப்டம்பரில் போஷ் தன் வாகனப் பிரிவில் 13,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. எட்டு மணி நேர வேலையையும் பயிற்சிப் பட்டறையையும் அத்தனை சீக்கிரம் கொண்டுவந்த அதே போஷ். சீட், கண்ணாடி, பிரேக், சஸ்பென்ஷன், ஹெட்லைட் எல்லாம் எந்தக் காருக்கும் வேண்டும். இன்ஜினுக்குள் இருப்பவைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இன்ஜின் வால்வு செய்கிற ஆலையில் வேலைக்குச் சேரும் இருபது வயதுப் பையனுக்கு, அவன் நாற்பதில் என்ன செய்வான் என்பதை நிறுவனம் யோசித்திருக்க வேண்டும். துல்லியமாகக் கடையவும் அளக்கவும் அவன் கற்றுக்கொண்டால் வழி இருக்கும். பட்டன் அழுத்தவும் பெட்டியில் அடுக்கவும் மட்டும் கற்றால், வால்வோடு அவன் வேலையும் போகும்.

இத்தனை பார்த்த பிறகும், விரிவாக்கச் செய்தி வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். முதல் மாதச் சம்பளம் வாங்குகிறவர் முகத்தை ஆலைவாசலில் நிறைய தடவை பார்த்திருக்கிறேன், அதை எந்தப் புள்ளிவிவரத்தாலும் குறைத்துப் பேச மாட்டேன். நான் கேட்பதெல்லாம், நிலமும் சலுகையும் கொடுக்கும்போது எழுதும் ஒப்பந்தத்தில் "ஐந்நூறு பேர்" என்பதோடு இன்னும் சில வரிகள் சேர வேண்டும் என்பதுதான். அந்த ஐந்நூறில் எத்தனை பேர் நிரந்தரம், எந்த வருடத்தில் எத்தனை பேர் என்று இருக்க வேண்டும். டூல் ரூமும் பராமரிப்பும் அந்த ஆலைக்குள்ளேயே இருக்கும், அதற்கு உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவித்து எடுப்போம் என்று இருக்க வேண்டும். லைன் தொடங்கும் காலத்திலேயே அவர்களை உள்ளே சேர்க்க வேண்டும், ஓடத் தொடங்கிய பிறகு இல்லை. ஒப்பந்த ஆளாக வந்து செட்டிங் செய்யும் அளவுக்குத் தேறியவரை இத்தனை காலத்துக்குள் நிரந்தரமாக்குவோம் என்று தேதி போட்டிருக்க வேண்டும். இதில் எது நடக்கவில்லையோ அதற்குரிய சலுகையைத் திருப்பித் தர வேண்டும். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளும் நிறுவனம் நூற்றைம்பது பேருக்குத்தான் வேலை என்று சொன்னாலும், ஐந்நூறு என்று மட்டும் சொல்லும் நிறுவனத்தைவிட அதற்கே நான் நிலத்தைக் கொடுப்பேன்.